இறங்கத் தெரிந்தவர்களின் பந்தயம்

சைக்ளோகிராஸில் முதன்முறையாக ஒரு பருவம் முழுக்கப் பந்தயம் ஓட்டிப் பார்க்க நினைக்கும் அமெச்சூர் வழக்கமாக இரண்டு கேள்விகளோடு தொடங்குகிறார். எந்த சைக்கிள் வாங்குவது, வாரத்துக்கு எத்தனை கிலோமீட்டர் மிதிப்பது. இரண்டும் அவசியமான கேள்விகள்தான். ஆனால் இந்தப் பந்தயத்தின் நூற்றிருபது ஆண்டு வரலாறு அவற்றுக்கு முன்னால் வேறொன்றை வைக்கிறது. சைக்கிளிலிருந்து இறங்கவும், அதைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடவும், வேகம் குறையாமல் மறுபடி ஏறவும் தெரியுமா என்பதே அது. ஓட்டுபவரைக் கீழே இறக்குவதற்காகவே உருவான பந்தயம் இது. அந்த அடிப்படையை விதிகள் இன்றுவரை விட்டுக்கொடுக்கவில்லை. அதனால்தான், பணமும் நேரமும் குறைவாக உள்ள அமெச்சூருக்கு மற்ற சைக்கிள் பந்தயங்களைவிட இங்கே கதவு அகலமாகத் திறந்திருக்கிறது என்பது என் வாதம்.

பந்தயத்தின் அமைப்பு எளிமையானது. ஐரோப்பாவில் செப்டம்பரில் தொடங்கிப் பிப்ரவரியில் முடியும் குளிர்காலப் பருவம். இரண்டரை முதல் மூன்றரை கிலோமீட்டர் நீளமுள்ள சுற்று. அதில் புல்வெளி, சேறு, மணல், செங்குத்தான மேடு, சில இடங்களில் படிக்கட்டு. குறுக்கே நட்ட பலகைத் தடைகளின் உயரம் 40 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது. உயர்மட்ட ஆண்களுக்குச் சுமார் ஒரு மணி நேரம். அமெச்சூர் பிரிவுகளில் பெரும்பாலும் அதைவிடக் குறைவு.

தொடக்கத்தைப் பற்றிப் பரவலாகச் சொல்லப்படும் கதையின் நாயகர் டானியேல் குஸ்ஸோ என்ற பிரெஞ்சு ராணுவ வீரர். குதிரையில் காட்டு வழியே போகும் நண்பர்களுக்கு ஈடாக அவர் சைக்கிளில் போனாராம். சைக்கிள் போக முடியாத இடத்தில் அதைத் தூக்கிக்கொண்டு ஓடினாராம். கதை எவ்வளவு உண்மையோ, 1902-இல் பிரான்சில் நடந்த முதல் தேசியப் போட்டிக்குப் பின்னால் இருந்தவர் அவர்தான் என்பது பதிவில் இருக்கிறது. குதிரைக் கதையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது பருவம். சாலைப் பந்தயங்கள் இலையுதிர்காலத்தோடு ஓய்ந்துவிடும். பனிக்காற்றில் மணிக்கணக்காகச் சாலையில் மிதித்தால் கால்கள் மரத்துப்போகும். சேற்றில் இறங்கி ஓடினால் பாதத்தில் ரத்தம் பாயும், தொடையோடு முதுகும் தோளும் வேலை செய்யும். ஆக, சாலை வீரர்கள் அடுத்த கோடைக்குத் தயாராவதற்கான வழியாகவே இது பரவியது. 1910-இல் பெல்ஜியமும் 1912-இல் சுவிட்சர்லாந்தும் தங்கள் தேசியப் போட்டிகளைத் தொடங்கின.

இந்தப் பரவலுக்கு உந்துதல் தந்த பெயர் ஒக்தாவ் லாப்பீஸ். 1907-இல் பிரான்சின் சைக்ளோகிராஸ் சாம்பியன். 1910-இல் டூர் டி பிரான்ஸ் வெற்றியாளர். அந்த வெற்றியில் சைக்ளோகிராஸுக்குப் பங்கு உண்டு என்று அவரே சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது. அந்த ஆண்டுதான் டூர் முதன்முறையாகப் பிரனீஸ் மலைத்தொடரின் தூர்மலே கணவாயைக் கடந்தது. மண்ணும் கல்லுமான பாதை; கியர் மாற்றும் வசதி கிடையாது. ஒருமுறைகூடக் காலை ஊன்றாமல் உச்சிவரை மிதித்ததற்காக குஸ்தாவ் காரிகூ 100 ஃபிராங்க் பரிசு பெற்றார். லாப்பீஸோ தேவைப்பட்ட இடங்களில் இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தார். ஆனாலும் உச்சியை முதலில் தொட்டவர் அவர், டூரை வென்றவரும் அவரே. இதை மட்டும் வைத்து, இறங்கியதால்தான் வென்றார் என்று முடிவு கட்டுவது நியாயமில்லை. ஆனால் இறங்குவது தோல்வியின் அடையாளம் என்ற எண்ணத்தை இந்த ஒரு நாளே உடைத்துவிடுகிறது.

அடுத்த சான்று இன்னும் அழுத்தமானது. 1909 முதல் 1914 வரை தொடர்ந்து பிரான்சின் சைக்ளோகிராஸ் பட்டத்தைத் தன் வசம் வைத்திருந்தவர் யூஜின் கிறிஸ்தோஃப். 1913 டூரில், முன்னணியில் இருந்தபோது, அதே தூர்மலே மலையிலிருந்து இறங்கும் வழியில் அவருடைய சைக்கிளின் முன் ஃபோர்க் முறிந்துபோனது. வெளியாள் உதவியைப் பெறக்கூடாது என்பது அன்றைய விதி. அவர் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு பத்து கிலோமீட்டருக்கும் மேல் மலையிறங்கி, செந்த் மரி தெ காம்பான் என்ற ஊரின் கொல்லன் பட்டறையைச் சேர்ந்தார். இளமையில் பூட்டு வேலை பழகியவர். உலையில் இரும்பைக் காய்ச்சித் தானே ஃபோர்க்கை ஒட்டினார். துருத்தி ஊத ஒரு சிறுவனை விட்டதற்காக அவருக்கு நேரத் தண்டனையும் விதித்தார்கள். டூரின் வீர வரலாற்றில் இதைத் திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள். அந்தத் தோள் பல குளிர்காலங்களாகச் சைக்கிள் சுமந்து பழகிய தோள் என்பதை மட்டும் ஏனோ சேர்த்து எழுதுவதில்லை.

பிறகு பந்தயம் தன் காலில் நின்றது. 1950-இல் பாரிஸில் நடந்த முதல் உலகப் போட்டியை வென்ற ழான் ரோபிக் 1947-இன் டூர் வெற்றியாளர். அதாவது அதுவரை சாலைக்காரர்களின் செல்வாக்கு குறையவில்லை. 1966-க்கும் 1973-க்கும் இடையில் ஏழு முறை உலகப் பட்டம் வென்ற பெல்ஜியத்தின் எரிக் தெ ஃப்ளேமிங்க் காலத்தில், இதற்கென்றே வாழும் வீரர்கள் மேலெழுந்துவிட்டார்கள். 1967 முதல் 1993 வரை அமெச்சூர்களுக்குத் தனி உலகப் பட்டம் இருந்தது. அந்த அமெச்சூர்கள் எல்லாரும் ஞாயிற்றுக்கிழமை வீரர்கள் அல்ல. 1983, 1984-இல் அமெச்சூர் பட்டம் வென்ற செக்கோஸ்லோவாக்கியாவின் ரதோமிர் ஷிமுனெக் 1991-இல் தொழில்முறைப் பட்டத்தையும் எடுத்தார். பெண்களுக்கான உலகப் போட்டி 2000-இல்தான் வந்தது. இந்தத் தாமதத்துக்கு எந்தச் சமாதானமும் சொல்ல முடியாது.

என் வாதத்துக்கு எதிராக வலுவான மறுப்பு ஒன்று உண்டு. இன்றைய உயர்மட்ட வீரர்களில் பலர் பலகைத் தடைகளில் இறங்குவதே இல்லை. 1989-இல் உலகப் பட்டம் வென்ற டானி தெ பியும், பி.எம்.எக்ஸ். பழக்கத்தோடு வந்த ஸ்வென் நெய்ஸும், சைக்கிளோடு துள்ளித் தடையைத் தாண்டும் வித்தையைப் பேர்பெறச் செய்தார்கள். அப்படியானால் இறங்கும் கலை பழங்கதையாகிவிட்டதா? இல்லை. பலகையைத் துள்ளிக் கடக்கலாம். முழங்கால் அளவு சேறு அப்பிய சரிவையும், நீண்ட மணலையும், படிக்கட்டையும் அப்படிக் கடக்க முடியாது. அவர்களும் அங்கே பெரும்பாலும் இறங்கித்தான் ஓடுகிறார்கள். டயரின் அகலம் 33 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்ற சர்வதேச விதியும் அதற்கே துணைநிற்கிறது. அகலமான டயரை அனுமதித்திருந்தால் சேற்றின் பெரும்பகுதியை உட்கார்ந்தபடியே கடந்துவிடலாம். பந்தயம் தன் குணத்தை இழந்திருக்கும்.

பணத்தைப் பற்றிய மறுப்பை அவ்வளவு எளிதில் தள்ள முடியாது. பசைபோல் ஒட்டும் சேற்றில் முன்னணி வீரர் ஒரு சுற்றுக்குள்ளேயே சைக்கிளை மாற்றிக்கொள்கிறார். அவருடைய ஆட்கள் அழுக்கானதைக் கழுவி அடுத்த மாற்றத்துக்குத் தயாராக வைக்கிறார்கள். ஒரே சைக்கிளோடு வருபவருக்கு இது அநியாயம்தான். ஆனால் புதியவர் போட்டியிடுவது அவரோடு அல்ல, தன்னைப் போன்றவர்களோடு. பல நாடுகளில் அமெச்சூர் பந்தயங்களுக்கு மவுண்டன் பைக்கோடு வந்தாலும் சேர்த்துக்கொள்கிறார்கள். சுற்று சிறியது என்பதால், பின்தங்கியவர் மலைநடுவே தனித்து விடப்படுவதில்லை. கடைசி ஆளும் கூட்டத்தின் கண்முன்னேதான் ஓட்டுகிறார்.

எனவே முதல் பருவத்துக்கான தயாரிப்பு, ஆகஸ்ட் மாலைகளில் ஏதாவது ஒரு புல்வெளியில் தொடங்கலாம். வலது காலைச் சீட்டுக்குப் பின்னால் சுழற்றி இடப்பக்கம் கொண்டுவந்து, இடது பெடலில் மட்டும் நின்றபடி சில கெஜம் உருண்டு, வேகம் குறையுமுன் தரையில் கால் வைத்து ஓட்டத்தைப் பிடிக்க வேண்டும். மேடு வந்தால் கீழ்ப்பாரைப் பிடித்துத் தூக்கி, மேல்பாரை வலது தோளில் ஏற்றி, வலக்கையைக் கீழ்ப்பாருக்கு அடியில் விட்டு ஹேண்டில்பாரைப் பற்ற வேண்டும். ஏறும்போது குதித்துச் சீட்டில் விழக்கூடாது. வலது தொடையின் உட்பக்கம் முதலில் சீட்டைத் தொட வேண்டும், உடம்பு அதிலிருந்து வழுக்கி உட்கார வேண்டும். முதலில் நடந்து, பிறகு ஓடி, பிறகு மூச்சுவாங்கும் களைப்பில் இதைச் செய்து பழகுங்கள். புது சைக்கிளுக்கு ஒதுக்கிய பணத்தை முதல் பருவம் முடியும்வரை வங்கியிலேயே விட்டுவையுங்கள்; இப்போது கையிலுள்ள சைக்கிளோடு போய்ப் பெயர் கொடுங்கள்.