ஹார்லெமில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம்

போன வருஷம் எங்க போட்டோ குரூப்ல ஒரு சம்பவம். மாசத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமை காலங்காத்தால கேமராவைத் தூக்கிக்கிட்டு பத்துப் பன்னெண்டு பேர் கிளம்புவோம். எடுத்ததை பிரிண்ட் போட்டு அடுத்த மாசம் டீக்கடை பெஞ்சுல பரப்பி வச்சுப் பார்ப்போம். வழக்கமா எல்லாருக்கும் "சூப்பர்", "செம" அவ்வளவுதான். அன்னிக்குன்னு புதுசா வந்த ஒரு தம்பி படத்தைப் பார்த்துட்டு நான் வாயைத் திறந்தேன். ஹொரைசன் கோணல், வெளிச்சம் தட்டை, நடுவுல ஒரு கரண்ட் கம்பம்... ஆபீஸ்ல கோட் ரிவ்யூ பண்ற அதே வேகத்துல பத்து நிமிஷம் பேசினேன். சொன்னதெல்லாம் சரியான பாயிண்ட்டுதான். தம்பி "சரிங்ணா"ன்னு தலையாட்டினான். அடுத்த மாசம் வரலை. அதுக்கப்புறம் வரவே இல்லை.

அந்த உறுத்தல்லதான், இந்த மாதிரி குழுக்கள் எல்லாம் அந்தக் காலத்துல எப்படி நடந்துச்சுன்னு தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். அப்படி மாட்டினதுதான் கமோயிங்கே. பேரு வாயில நுழையலையா? எனக்கும் முதல்ல நுழையலை :-) கென்யாவின் கிகுயு மொழிச் சொல். ஒன்றாகச் சேர்ந்து செயல்படும் கூட்டம் என்று பொருள். ஜோமோ கென்யாட்டா 1938-ல் எழுதிய புத்தகத்திலிருந்து எடுத்த பெயர்.

*

இடம் நியூயார்க். வருஷம் 1963. வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் பேசிய அதே வருஷம். கறுப்பின மக்களின் படங்கள் பத்திரிகைகளில் வந்துகொண்டுதான் இருந்தன. ஆனா எடுத்தவங்க பெரும்பாலும் வெள்ளைக்காரங்க. போராட்டம், கலவரம், வறுமை, இதைத் தாண்டி அந்த மக்களுக்கு ஒரு வாழ்க்கை இருக்குன்னு அந்தப் படங்களைப் பார்த்தா தெரியாது. கறுப்பினப் புகைப்படக்காரர்களுக்கோ வேலை கிடைப்பதே குதிரைக்கொம்பு. ஒருத்தர் நல்லா எடுத்தாக்கூட அதை நல்லா இருக்குன்னோ இல்லைன்னோ சொல்ல ஆள் கிடையாது. வெளியிலிருந்து பாராட்டும் இல்லை, திட்டும் இல்லை. வெறும் மௌனம்.

அப்போ நியூயார்க்கில் இரண்டு சின்னக் குழுக்கள் தனித்தனியாக இயங்கிக்கொண்டிருந்தன. ஒன்றில் லூயிஸ் டிரேப்பர். வர்ஜீனியா மாநிலத்தின் ரிச்மண்டில் 1935-ல் பிறந்து நியூயார்க் வந்தவர். இன்னொன்றில் ஆல்பர்ட் ஃபென்னர், ஜேம்ஸ் மன்னாஸ், ஹெர்பர்ட் ராண்டால். இரண்டும் சேர்ந்ததுதான் கமோயிங்கே. முதல் இயக்குநராக ராய் டிகராவாவைக் கூப்பிட்டாங்க.

டிகராவா பற்றி கொஞ்சம் சொல்லணும். 1919-ல் ஹார்லெமில் பிறந்தவர். 1952-ல் கக்கன்ஹைம் ஃபெல்லோஷிப் வாங்கிய முதல் கறுப்பினப் புகைப்படக்காரர். அந்த விண்ணப்பத்திலேயே தெளிவாகச் சொல்லிட்டார், ஹார்லெமைப் பற்றி சமூகவியல் ஆவணம் எடுக்கப் போறதில்லை, கலையாக எடுக்கப் போறேன் என்று. அந்தப் படங்களில் ஒரு பகுதி லாங்ஸ்டன் ஹியூஸின் எழுத்தோடு 1955-ல் புத்தகமாக வந்தது. இவர் படங்களில் இருட்டு இருட்டாவே இருக்கும். நிழலுக்குள்ளேயே பத்துப் பதினைந்து வகைக் கறுப்பு தெரியும். அவசரமா பார்த்தா "அண்டர் எக்ஸ்போஸ்" என்று தள்ளிவிட்டுப் போயிடுவோம். (நான் அந்தப் பெஞ்சுல இருந்திருந்தா கண்டிப்பா தள்ளியிருப்பேன்!)

*

இனிமேதான் விஷயமே. ஞாயித்துக்கிழமைகளில் யாராவது ஒருத்தர் வீட்டில் கூடுவாங்க. சாப்பாடு இருக்கும், ஜாஸ் ஓடும், சினிமா, ஓவியம், அரசியல் எல்லாம் பேச்சில் வரும். நடுவில் அவரவர் கொண்டுவந்த பிரிண்ட்களை வெச்சு விமர்சனம். அது சும்மா தடவிக்கொடுக்கிற விமர்சனம் இல்லை. ரொம்பக் கறார். அங்கே இருந்தவங்க பல வருஷம் கழித்துப் பேசும்போதும் அந்தக் கறாரைத்தான் முதலில் சொல்றாங்க. கூடவே, அதுதான் தங்களுக்குப் பள்ளிக்கூடம் என்றும் சொல்றாங்க. ஆண்டனி பர்போசா உள்ளே வரும்போது இருபது வயசுகூட ஆகலை. பின்னாளில் பெரிய ஸ்டூடியோ புகைப்படக்காரர் ஆகி, 2000-களில் அதே குழுவுக்குத் தலைவராகவும் இருந்தார்.

எனக்கு இங்கேதான் இடிச்சுது. கறார்தான் காரணம்னா எங்க தம்பியும் நின்னிருக்கணுமே? ஏன் ஓடினான்?

யோசிச்சுப் பார்த்தா மூணு வித்தியாசம் தெரியுது.

ஒண்ணு, அங்கே விமர்சனம் பண்றவர் படமும் அதே மேஜையில் கிடந்தது. இன்னிக்கு உன் படத்தைப் பிரிச்சு மேஞ்சவர், அடுத்த வாரம் தன் படத்தோட வந்து உட்காரணும். தீர்ப்புச் சொல்ல தனியா நீதிபதி கிடையாது.

ரெண்டு, அவங்களுக்கு ஒரு பொது இலக்கு இருந்தது. 1964-லும் 1965-லும் குழுவாகச் சேர்ந்து படத் தொகுப்புகள் வெளியிட்டாங்க. ஹார்லெமில் சொந்தமா ஒரு சின்ன கேலரி நடத்தினாங்க. 1966 ஜூலையில் ஸ்விட்சர்லாந்தின் 'கேமரா' பத்திரிகை ஹார்லெமுக்காக ஒதுக்கிய இதழில் இவங்க படங்கள் வந்தன. படம் சொதப்பினா ஒருத்தர் மானம் மட்டும் போகாது. "இவங்களுக்கு எடுக்க வராது" என்று காத்துக்கிட்டிருந்த உலகத்துக்கு அது ஒரு சாக்கு. அதனால "இது போதாது"ங்கிறது அங்கே அவமானம் இல்லை. உன்னால இதைவிட நல்லா முடியும்னு நம்பறதோட இன்னொரு பேர்.

மூணு, திரும்பவும் அதே ஆளுங்க. ஒரு ஞாயிறு வாங்கிக் கட்டிக்கிட்டவர் அடுத்த ஞாயிறு சரிபண்ணிக் கொண்டுவரலாம். முன்னேறினதைப் பார்க்க அதே கண்கள் அங்கே இருக்கும்.

இதுக்கு முன்னாடியும் நியூயார்க்கில் கறாரான குழு இருந்தது. 1936-ல் தொடங்கிய போட்டோ லீக். அங்கே பாடம் எடுத்த சிட் கிராஸ்மன் கடுமைக்குப் பேர் போனவர். அதே லீக்கில் ஆரன் சிஸ்கிண்ட் தலைமையில் ஒரு குழு ஹார்லெமை வருஷக்கணக்கில் படமெடுத்து, கூடிக் கூடி விவாதிச்சது. உழைப்பில் குறையே சொல்ல முடியாது. ஆனா எடுத்தவங்க எல்லாம் வெள்ளையர்கள். அந்தத் தெருவில் பிறந்த ஒரு புகைப்படக்காரர் "எங்க ஊரு இப்படி இல்லைய்யா" என்று சொல்ல அந்த மேஜையில் இடமில்லை. 1947-ல் கம்யூனிஸ்ட் முத்திரை குத்தி அரசு கறுப்புப் பட்டியலில் போட, 1951-ல் லீக் மூடப்பட்டது.

அப்போ கமோயிங்கே மேஜை மட்டும் முழுமையா இருந்துச்சான்னு கேட்டா, இல்லை. மிங் ஸ்மித் முதல் பெண் உறுப்பினராக உள்ளே வந்தது 1972-ல். கிட்டத்தட்ட ஒன்பது வருஷம் ஆண்கள் மட்டுமே ஒருத்தர் படத்தை ஒருத்தர் பார்த்துக் கிழிச்சிருக்காங்க. 1965-ல் தங்கள் கேலரியில் கறுப்பினப் பெண்ணை மையமா வெச்சே ஒரு கண்காட்சி நடத்தியிருக்காங்க, அதிலும் உறுப்பினர்களில் ஒரு பெண் கிடையாது. இத்தனைக்கும் பின்னாளில் மிங் ஸ்மித் படங்களைத்தான் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் வாங்கியது. அங்கே படம் இடம்பெற்ற முதல் கறுப்பினப் பெண் புகைப்படக்காரர் அவர்தான். எவ்வளவு கறாரா பார்த்தாலும், மேஜையைச் சுத்தி யார் உட்காரலையோ அவங்களுக்குத் தெரியற தப்பு நமக்குத் தெரியாமலே போயிடும்.

டிகராவா ரெண்டு மூணு வருஷத்தில் விலகினார். குழு நிக்கலை. டிரேப்பர் 2002-ல் காலமானார். அவருடைய சேகரிப்பை அவர் பிறந்த ரிச்மண்டில் இருக்கும் வர்ஜீனியா நுண்கலை அருங்காட்சியகம் 2015-ல் வாங்கியது. 2020-ல் அங்கேயே கமோயிங்கே ஆரம்பகாலப் படங்களுக்குப் பெரிய கண்காட்சி. அப்புறம் நியூயார்க் விட்னி மியூசியம். யாரும் பார்க்கலைன்னு ஒருத்தருக்கொருத்தர் காட்டிக்கிட்ட படங்கள்!

*

இதையெல்லாம் படிச்சு முடிச்சப்புறம் அந்த டீக்கடை பெஞ்சை நினைச்சுப் பார்த்தேன். அன்னிக்கு பெஞ்சுல எத்தனையோ படம் இருந்துச்சு. என் படம் ஒண்ணுகூட இல்லை. "இந்த மாசம் வேலை ஜாஸ்தி, பிரிண்ட் போடலை"ன்னு சொல்லிட்டு வெறுங்கையோட போயிருந்தேன். அவன் எதுக்காக அந்தக் கம்பத்தை நடுவுல வெச்சான்னும் கேட்கலை. ஒருவேளை கம்பம்தான் அவன் படமோ என்னவோ.

தம்பி நம்பர் இன்னும் என் போன்ல இருக்கு. இந்த மாசம் மூணு பிரிண்ட் போட்டு வச்சிருக்கேன், ஒண்ணு ரொம்பவே சுமார். "வந்து கிழிச்சுட்டுப் போ தம்பி"ன்னு கூப்பிடப் போறேன். வருவானான்னு தெரியலை. பார்ப்போம்.