காலி வீட்டுக்குச் சலுகை

நந்தனத்தில் வீட்டு வசதி வாரிய அலுவலகத்தைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு 1919ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று ஞாபகம் வரும். சென்னை மாநகராட்சிச் சட்டம். இலக்கியக்காரர்கள் படிக்கிற விஷயம் அல்ல. ஆனால் இந்த நகரத்தின் வீடுகள் ஏன் இப்படிச் சிதைந்தன என்பதற்கு அதில் ஒரு விடை இருக்கிறது.

அந்தச் சட்டப்படி வீட்டு வரிக்கு அடிப்படை, வீடு நியாயமாக ஈட்டக்கூடிய வருஷ வாடகை. கட்டடத்துக்குரிய வாடகையில் நூற்றுக்குப் பத்து கழித்தார்கள். ரிப்பேருக்கென்று கிடைத்தது அவ்வளவுதான். ரிப்பேர் செய்தவனுக்கும் பத்து, செய்யாதவனுக்கும் பத்து. செய்தவனுக்கு வாடகை மதிப்பு உயர்ந்து வரியும் உயரக்கூடும். காரை உதிர்ந்த சுவருக்கு அந்த ஆபத்து இல்லை. இன்னொரு பிரிவின்படி, முப்பது நாளுக்குக் குறையாமல் குடியில்லாமல் கிடந்த கட்டடத்துக்கு அந்த நாட்களின் கணக்கில் பாதிவரை வரித் தள்ளுபடி உண்டு. வருமானமில்லாதவனிடம் வரி கேட்கலாகாது என்ற நியாயம் அதற்குப் பின்னால் இருந்திருக்கும். ஆனாலும் விளைவு ஒன்றுதான். சலுகை காலி வீட்டுக்குப் போயிற்று, செப்பனிட்ட வீட்டுக்கு அல்ல.

1960இல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குண்டூர் நகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1970இல் சொன்னது: நியாய வாடகைக்கு மேல் ஒரு வீட்டின் வருஷ மதிப்பைக் கணக்கிடக்கூடாது. வாடகையும் நின்றது, வரியும் நின்றது. சொந்தக்காரனிடம் சுண்ணாம்புக்குக் காசில்லை, நகராட்சியிடம் சாக்கடைக்குக் காசில்லை. சென்னையில் 1998க்குப் பிறகு சொத்து வரியின் பொதுச் சீராய்வு நிலைத்தது 2022இல்தான்.

இந்த ஏற்பாட்டில் எனக்கும் பங்குண்டு. நந்தனத்தில் பதினோரு வருஷம் வாடகைக்கு இருந்தேன். மாடிப்படிச் சுவரில் அரசங்கன்று வேர்விட்டிருந்தது. வீட்டுக்காரர் அதைப் பிடுங்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் வாடகையைப் பற்றியும் பேச்சு வந்துவிடும்.

வரிச் சலுகை தந்தால் பழைய வீடுகள் பிழைத்துவிடும் என்கிறவர்கள் நியூயார்க்கைப் பார்க்கலாம். அங்கே 1955இல் பழைய குடியிருப்புகளைச் செப்பனிடுகிறவர்களுக்கு வரி விலக்குத் தந்தார்கள். சூடு வசதியும் வெந்நீரும் இல்லாத வீடுகளுக்கு அவை வந்தன. 1970களில் அதே சலுகை, ஒற்றை அறையில் ஒண்டியிருந்த ஏழைகளின் விடுதிகளை வசதியானவர்களின் அடுக்ககங்களாக மாற்றுவதற்கும் நீண்டது. சுவர் பிழைத்தது, ஆள் வெளியேறினான். தவறு புரிந்து 1980களின் தொடக்கத்தில் அதை நிறுத்தினார்கள். அதற்குள் பல விடுதிகள் போய்விட்டன.

இங்கே 1960ஆம் வருஷச் சட்டத்தின் இடத்தில் 2019இல் புதிய வாடகைச் சட்டம் அமலுக்கு வந்தது. 1919ஆம் வருஷச் சட்டத்தின் இடத்தை 2023இல் வேறொன்று எடுத்துக்கொண்டது. சட்டங்கள் மாறிவிட்டன. வரிச் சலுகை என்று யார் பேசினாலும் நான் கேட்பது ஒன்றுதான்: வேலை முடிந்தபின் அந்த வீட்டில் யார் இருப்பார்கள்? குடியிருந்தவனும் இருப்பான் என்ற நிபந்தனை இல்லாவிட்டால், அது மனைக்குத் தரும் சலுகை மட்டுமே.

நான் இருந்த வீட்டை இடித்துவிட்டார்கள். அங்கே இப்போது அடுக்ககம். அதில் குடியேறும் வாடகை என்னிடம் இல்லை. அரசங்கன்று மட்டும் பக்கத்துக் காம்பவுண்டுச் சுவரில் மறுபடி முளைத்திருக்கிறது.