அபிங்டனின் எம்ஜி கார்கள்: சஸ்பென்ஷன் தேய்மானமும் பழுதுபார்ப்பும், ஒரு வரலாறு

இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டுக்குத் தெற்கே, தேம்ஸ் ஆற்றங்கரையில் உள்ள சிற்றூர் அபிங்டன். 1929 முதல் 1980 வரை எம்ஜி ஸ்போர்ட்ஸ் கார்கள் அங்கேதான் தயாராயின. ஆக்ஸ்போர்டில் வில்லியம் மோரிஸ் நடத்திய மோரிஸ் கராஜஸ் என்ற நிறுவனத்தின் முதலெழுத்துகளே எம்ஜி. 1922-இல் அதன் மேலாளரான செசில் கிம்பர், சாதாரண மோரிஸ் கார்களுக்கு இலகுவான உடல் பொருத்தி விற்கத் தொடங்கினார். அந்த முயற்சி வளர்ந்து தனித் தொழிற்சாலையாக அபிங்டனுக்கு இடம் மாறியது.

பெரும் பணக்காரர்களுக்கான பந்தயக் கார்களுக்கும் குடும்பக் கார்களுக்கும் நடுவே நின்றவை இவை. நடுத்தர வருவாய்க்காரர் வாங்கினார். பெரும்பாலும் அவரே ஸ்பேனர் எடுத்துப் பழுதும் பார்த்தார். அதற்கு இடம் தருவதாகவே வண்டியின் அமைப்பும் இருந்தது. சஸ்பென்ஷனின் ஒவ்வொரு மூட்டையும் கழற்றலாம், கிரீஸ் அடிக்கலாம், தேய்ந்தால் மாற்றலாம். அந்த மூட்டுகள் எப்படித் தேய்ந்தன, எவ்வாறு சரிசெய்யப்பட்டன என்பதே இந்தக் கார்களின் நீண்ட ஆயுளுக்குக் காரணம் சொல்லும்.

ஒற்றை அச்சின் காலம்

1930-களின் எம்ஜி சாலைக் கார்களில் முன்சக்கரங்கள் இரண்டும் ஒரே இரும்பு அச்சின் இரு முனைகளில் இருந்தன. முன்னும் பின்னும் லீஃப் ஸ்பிரிங்குகள் வண்டியைத் தாங்கின. நீளம் குறைந்துகொண்டே போகும் எஃகுப் பட்டைகளை அடுக்கி நடுவில் இறுக்கிக் கட்டியது லீஃப் ஸ்பிரிங். நம்மூர் வில்வண்டியின் வில்லும் இதே வகைதான்.

பள்ளத்தில் சக்கரம் விழுந்து எழும்போது இந்த வில் நிமிரும், வளையும். அப்போது அதன் நீளம் மாறுவதால் ஒரு முனை நகர இடம் வேண்டும். பெரும்பாலான கார்களில் அந்த முனை ஆடும் கொக்கி ஒன்றில் தொங்கும். அபிங்டன் பொறியாளர்கள் வேறு வழியை விரும்பினர். வில்லின் முனை வெண்கலக் காடியில் முன்னும் பின்னும் வழுக்கிச் செல்லுமாறு அமைத்தனர். இதனால் அச்சு பக்கவாட்டில் அசையாது. வளைவுகளில் வண்டி சொன்னபடி திரும்பும். கிரீஸ் தவறினால் மட்டும் வெண்கலம் வேகமாகத் தேயும். காடி அகன்று, எஃகு முனை மேலும் கீழும் அடிபட்டு, மேடுபள்ளமான சாலையில் இடைவிடாமல் லொடலொடக்கும். வெண்கலத் துண்டுகளை மாற்றுவதைத் தவிர இதற்கு வழியில்லை. அந்த வேலையைச் சிறு பட்டறையிலேயே செய்துவிடலாம்.

துள்ளலை அடக்கும் ஷாக் அப்சார்பர்கள் முதலில் உராய்வு வகையாக இருந்தன. ஹார்ட்ஃபோர்டு என்ற பெயரால் அறியப்பட்ட அந்தச் சாதனத்தில், இரு கரங்களுக்கு நடுவே உராய்வு வில்லைகள் இருக்கும். மைய நட்டை இறுக்கினால் சவாரி விறைக்கும், தளர்த்தினால் இளகும். வில்லை தேய்ந்தால் பிடிமானம் போய் வண்டி துள்ளும். அடிக்கடி நட்டை இறுக்குவது ஓட்டுநரின் வழக்கமான வேலைகளில் ஒன்று. பின்னர் வந்த டி வரிசைக் கார்களில் எண்ணெயால் இயங்கும் லீவர் வகை ஷாக் அப்சார்பர்கள் இடம்பிடித்தன.

கடல் கடந்த டிசி

இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945-இல் எம்ஜி டிசி வெளிவந்தது. தொழில்நுட்பத்தில் அது போருக்கு முந்தைய காரே: ஒற்றை அச்சு, லீஃப் ஸ்பிரிங், வெண்கலக் காடி. ஏறத்தாழ 10,000 கார்கள் தயாரிக்கப்பட்டன. அவற்றில் கணிசமானவை, வலப்பக்க ஸ்டியரிங்கோடு, அமெரிக்காவுக்குப் போயின. பெரிய, மெத்தென்ற கார்களுக்குப் பழகிய அமெரிக்கர்களுக்கு இந்தச் சிறிய, விறைப்பான வண்டி புதுமையாக இருந்தது.

ஓட்டம் கூடக்கூட டிசியின் பலவீனங்கள் தெரிந்தன. அதன் பிஷப் கேம் வகை ஸ்டியரிங் பெட்டிக்குள் திருகு காடியில் ஓடும் முளை தேய்ந்தால் ஸ்டியரிங்கில் ஆட்டம் வரும். நேர் சாலையிலும் வண்டியைப் பிடித்துப் பிடித்துத்தான் ஓட்ட வேண்டும். உதிரிபாகம் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வர வேண்டியிருந்தது. இந்தத் தேவையிலிருந்து ஒரு தொழில் பிறந்தது. அல் மோஸ் என்பவர் 1948-இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் பிரிட்டிஷ் கார்களுக்கான பட்டறை தொடங்கினார். பிற்காலத்தில் அது மோஸ் மோட்டார்ஸ் என்ற பெயரில், பட்டியல் அச்சிட்டு அஞ்சல் வழியே உதிரிபாகம் விற்கும் பெரிய நிறுவனமாயிற்று.

இஸிகோனிஸ் வரைந்த முன்பகுதி

1947-இல் வந்த ஒய் வகை செடான்தான் முன்சக்கரங்கள் தனித்தனியே ஏறி இறங்கும் முதல் எம்ஜி சாலைக் கார். பின்னாளில் மினி காரை வடிவமைத்துப் புகழ்பெற்ற அலெக் இஸிகோனிஸ், ஜாக் டேனியல்ஸ் என்ற பொறியாளருடன் சேர்ந்து போருக்கு முன்பே அந்த அமைப்பை உருவாக்கியிருந்தார். 1950-இல் டிடி ஸ்போர்ட்ஸ் காருக்கு அது வந்தது. பழைய ஸ்டியரிங் பெட்டியின் இடத்தில் பல்சட்டமும் பற்சக்கரமும் கொண்ட ஸ்டியரிங்கும் கூடவே வந்தது. 1955-இல் எம்ஜிஏவும், 1962-இல் எம்ஜிபியும் அதே முன்பகுதியின் அடிப்படையைத் தொடர்ந்தன. போருக்கு முன் வரைந்த ஒரு யோசனை 1980 வரை உற்பத்தியில் நீடித்தது.

எம்ஜிஏவின் 1,489 சிசி எஞ்சின், எம்ஜியின் அப்போதைய தாய் நிறுவனமான பிஎம்சியின் பி வரிசையைச் சேர்ந்தது. அதே வரிசை எஞ்சின்தான் இந்தியச் சாலைகளில் அம்பாசடரையும் ஓட்டியது. அம்பாசடரைக் கழற்றிப் பூட்டிய மெக்கானிக் எம்ஜிஏவின் முன்மூடியைத் திறந்தால் பழகிய எஞ்சினைத்தான் காண்பார்.

இஸிகோனிஸ் அமைப்பில் கீழே விஷ்போன் எனப்படும் கவட்டைக் கரம் உண்டு. அதன்மேல் சுருள் ஸ்பிரிங் அமர்கிறது. மேல்கரமாகச் செயல்படுவது ஷாக் அப்சார்பரின் லீவரேதான். ஒரே பாகம் இரண்டு வேலை செய்வதால் செலவும் எடையும் குறைந்தன. அதற்குக் கொடுத்த விலை இதுதான்: ஷாக் அப்சார்பரின் தண்டு தேய்ந்தால் எண்ணெய் கசிவதோடு நிற்காது, சக்கரத்தின் மேல்பகுதியே ஆடி, சாய்வுக் கோணம் மாறி, டயர் ஒருபக்கமாகத் தேயும்.

எம்ஜிபியில் சத்தம் எங்கிருந்து வரும்

எம்ஜிபி 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கு மேல் விற்றது. பழைய ஸ்போர்ட்ஸ் கார் பழுதுபார்ப்பு பற்றிய அனுபவ அறிவில் பெரும்பங்கு இந்த ஒரு காரைச் சுற்றியே திரண்டது.

முதல் சந்தேகம் கிங் பின் மீது விழும். முன்சக்கரம் இடவலமாகத் திரும்புவதற்கான செங்குத்துத் தண்டு அது. 3,000 மைலுக்கு, அதாவது ஏறத்தாழ 4,800 கிலோமீட்டருக்கு ஒருமுறை நிப்பிள்கள் வழியே கிரீஸ் அடிக்க வேண்டும். வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தின் மீதுள்ள பாரத்தை நீக்கி அடித்தால்தான் கிரீஸ் தேயும் பரப்புகளைச் சென்றடையும். தரையில் நிற்கும்போது அடித்தால், எங்கே தேவையோ அங்கே அது போய்ச் சேராது. பல கிங் பின்கள் இந்த ஒரு தவறால் காலத்துக்கு முன்பே வீணாயின.

சோதிக்கும் முறை எளியது. தூக்கிய சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்ட வேண்டும். ஆட்டம் இருந்தால், இன்னொருவர் பிரேக்கை அழுத்த வேண்டும். அப்போது ஆட்டம் நின்றால் குறை வீல் பேரிங்கில். நிற்காவிட்டால் கிங் பின்னிலோ அதன் அடி மூட்டிலோ. கிங் பின்னை மாற்றும்போது புதிய புஷ்களை உள்ளே அழுத்தி, தண்டுக்கு ஏற்ற அளவில் ரீமரால் குடைய வேண்டும். அது வீட்டு வாசலில் முடியும் வேலையல்ல. இயந்திரப் பட்டறைக்குப் போக வேண்டும்.

இரண்டாவது, கீழ்க்கரத்தின் உள்முனையில் உள்ள ரப்பர் புஷ்கள். ரப்பர் நைந்தால் பிரேக் பிடிக்கும்போது டொக்கென்று ஒலி எழும். முன்பகுதி ஒருபக்கம் இழுக்கும். 1973-இல் வந்த எம்ஜிபி ஜிடி வி8 காருக்கு உலோகக் குழாயோடு ஒட்டிய உறுதியான புஷ்கள் பொருத்தப்பட்டன. அவை சாதாரண எம்ஜிபிக்கும் அப்படியே பொருந்துவதால், வி8 புஷ் என்ற பெயரில் எங்கும் விற்பனையாகின்றன. இவற்றைப் பூட்டும்போது ஒரு விதி உண்டு: வண்டியின் பாரம் சக்கரங்களில் இறங்கிய பிறகே போல்ட்டைக் கடைசியாக இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து விரைவில் கிழியும்.

மூன்றாவது, லீவர் ஷாக் அப்சார்பர். வண்டியின் ஒரு மூலையை அழுத்தி விட்டால் ஒரே எழும்பலில் அடங்க வேண்டும். தொடர்ந்து ஆடினால் எண்ணெய் குறைந்திருக்கும். மேல்மூடியைத் திறந்து எண்ணெய் நிரப்பலாம். மீண்டும் கசிந்தால் கழற்றி, தண்டையும் சீலையும் புதுப்பிக்கும் பட்டறைக்கு அனுப்ப வேண்டும்.

பின்புறத்தில் லீஃப் ஸ்பிரிங்குகள் ஆண்டுகள் போகப்போகத் தொய்யும். வண்டி ஒருபக்கம் தாழும். கொக்கியின் ரப்பர் புஷ்கள் நைந்தால் பள்ளங்களில் அடிக்கும். ஆக்ஸிலரேட்டரை விட்டு மறுபடி அழுத்தும்போது மட்டும் ஓர் அடி கேட்டால், குறை சஸ்பென்ஷனில் இல்லாமலும் இருக்கலாம். டிஃபரன்ஷியலின் தேய்ந்த வாஷர்களும் புரொபெல்லர் ஷாஃப்ட் மூட்டும் அதே ஒலியைத் தரும். கம்பிச் சக்கரங்களின் உட்புறப் பற்கள் தேய்ந்தாலும் அப்படித்தான் கேட்கும். ஒலி எப்போது வருகிறது என்று முதலில் கவனித்தவர் வீணாகப் பாகம் வாங்குவதில்லை.

இவை அனைத்தும் சரியாக இருந்தும் லொடலொடப்பு தீராவிட்டால் வண்டியின் உடலைப் பார்க்க வேண்டும். தனிச் சட்டம் இல்லாத எம்ஜிபியில் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி வடிவ உத்தரங்களே வண்டிக்கு முதுகெலும்பு. அவை துருப்பிடித்தால் உடல் நடுவில் வளையும், கதவு இடைவெளி குறுகும், கண்ணாடிச் சட்டம் நடுங்கும். புஷ் மாற்றி அந்தச் சத்தத்தை நிறுத்த முடியாது.

உயர்ந்த வண்டி, மூடிய தொழிற்சாலை

அமெரிக்காவின் பம்பர் உயர விதிகளுக்காக 1974-இன் இறுதியில் எம்ஜிபிக்குக் கனத்த கறுப்பு பம்பர்கள் பொருத்தப்பட்டு, வண்டி ஒன்றரை அங்குலம் உயர்த்தப்பட்டது. சாய்வைக் கட்டுப்படுத்தும் முன்புற ஆன்டி ரோல் பார் நீக்கப்பட்டது. வளைவுகளில் வண்டி மிகுதியாகச் சாய்வதாக எழுந்த குறைக்குப் பிறகு, 1976-இல் முன்னும் பின்னும் அந்தத் தண்டுகள் சேர்க்கப்பட்டன. இந்தக் காலத்துக் கார்களைப் பழைய உயரத்துக்கு இறக்குவது பின்னர் உரிமையாளர்கள் பரவலாகச் செய்த மாற்றமாயிற்று.

1980 அக்டோபரில் அபிங்டன் தொழிற்சாலை மூடப்பட்டது. காரைப் பேணும் பொறுப்பு உரிமையாளர்கள் கைக்கு வந்தது. 1930-இல் தோன்றிய எம்ஜி கார் கிளப்பும், 1973-இல் தோன்றிய எம்ஜி ஓனர்ஸ் கிளப்பும் பழுதுபார்க்கும் அறிவைப் பத்திரிகைகள் வழியே பகிர்ந்தன. துருவுக்கு விடை 1988-இல் வந்தது. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம், காப்பாற்றி வைத்திருந்த அசல் அச்சுகளைக் கொண்டு எம்ஜிபியின் முழு உடலைப் புதிதாகத் தயாரித்து விற்கத் தொடங்கியது. அந்த உடலையே அடிப்படையாக்கி 1992-இல் எம்ஜி ஆர்வி8 உருவானது. அதில் லீவர் வகை போய்க் குழாய் வகை ஷாக் அப்சார்பர்கள் வந்தன. பின்புறத்தில் லீஃப் ஸ்பிரிங் அப்படியே நீடித்தது. தயாரான சுமார் 2,000 கார்களில் பெரும்பாலானவை ஜப்பானுக்குப் போயின.

இன்று பழுதுபார்ப்போர்முன் இரு வழிகள் உள்ளன. பாலியுரித்தேன் புஷ்களும் குழாய் வகை ஷாக் அப்சார்பர்களும் நெடுநாள் உழைக்கும், வளைவுகளில் உறுதி தரும். ஆனால் சாலையின் அதிர்வை உடலுக்குக் கூடுதலாகக் கடத்தும். கிரீஸ் இன்றிப் பூட்டினால் பாலியுரித்தேன் கிறீச்சிடும். அசல் ரப்பரும் லீவரும் விரைவில் தேயும். ஆனால் கார் வடிவமைக்கப்பட்ட நாளின் மென்மையைத் திருப்பித் தரும். தினமும் சாலையில் ஓடும் காருக்கு வி8 புஷ்ஷும் நன்கு புதுப்பித்த லீவர் ஷாக் அப்சார்பரும் நடுநிலையான தேர்வு.

பிரிட்டனில் 1960-இல் பழைய வண்டிகளுக்குக் கட்டாயத் தகுதிச் சோதனை வந்தது. 2018 முதல், பெரிய மாற்றம் செய்யப்படாத 40 ஆண்டு கடந்த கார்களுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. கடைசி எம்ஜிபியும் அந்த வயதைத் தாண்டிவிட்டது. சோதனையாளரின் கண் விலகிய இடத்தில் உரிமையாளரின் கண் இருந்தாக வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை சக்கரத்தைத் தூக்கி ஆட்டிப் பார்ப்பதும், குறித்த தூரத்தில் கிரீஸ் அடிப்பதும் இந்தக் காரைச் சாலையில் வைத்திருக்கப் போதுமான தொடக்கம். அதைத் தவறாமல் செய்தவர்களின் எம்ஜி கார்களே இன்றும் சத்தமின்றி ஓடுகின்றன.