திண்ணைக்கு எட்டாத சட்டம்

விருதுநகரிலிருந்து சிவகாசிக்குச் செல்லும் சாலையில் ஆமத்தூரைக் கடக்கிறவர் காண்பது கரிசல் நிலம். மழை கண் திறந்தால் பருத்தியும் கம்பும் சோளமும், பொய்த்தால் வெடித்த மண்ணும் வேலிக்காத்தான் முள்ளும். 1920-களின் தொடக்கத்தில் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யும் வித்தையைக் கற்றுவந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியில் ஊன்றிய தொழில், ஒரு தலைமுறைக்குள் வட்டாரம் முழுவதற்கும் ஜீவனமாகப் பரவியதற்கு அவர்களுடைய சாமர்த்தியம் பாதி காரணமென்றால், இந்த மண்ணின் வறட்சி மறுபாதி. தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசு வந்தது. பட்டாசுக்கு முன்பே குழந்தைகள் வந்துவிட்டார்கள்.

அவர்களுக்குக் கொடுத்த வேலை பெரும்பாலும் விரல்வேலை. மரச்சட்டத்தின் கட்டைகளில் வெட்டியிருக்கும் பள்ளங்களில் குச்சிகளை ஒவ்வொன்றாகப் பதித்து, ஒரு குச்சியும் மற்றதைவிட நீட்டிக்கொண்டிராமல் தட்டிச் சரிசெய்து, கட்டைமேல் கட்டையாக அடுக்கி இறுக்கினால், மெழுகிலும் மருந்திலும் தோய்ப்பதற்குச் சட்டம் தயார். கூலி சட்டக் கணக்கு. பெட்டி ஒட்டினால் குரோஸ் கணக்கு. விடியுமுன், தீப்பெட்டி ஆபீஸ் என்று ஊரார் சொல்லும் ஆலையின் பஸ் கிராமத்துக்கு வந்து நிற்கும்; உறங்குகிற பிள்ளைகளை எழுப்பி ஏற்றிவிடுவதற்கென்றே ஊரில் ஓர் ஆள் இருப்பான். பெற்றோர் வாங்கிய முன்பணம் கழியும்வரை எழுந்திருக்க மாட்டேனென்று சொல்லும் உரிமை அக்குழந்தைக்கு இல்லை. பஸ் ஏறியவர்களில் பெண் குழந்தைகளே அதிகம். தம்பி பள்ளிக்கூடத்துக்குப் போக, அக்காள் ஆபீசுக்குப் போவாள். பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவளித்த காமராஜரைப் பெற்றெடுத்த விருதுநகர் கூப்பிடு தூரத்தில் இருந்தும் இதுதான் வழக்கமாக இருந்தது.

சட்டம் இல்லாமலில்லை என்பதே இந்தச் சரித்திரத்தில் நம்மைத் திகைக்க வைப்பது. தீப்பெட்டியும் வெடிமருந்தும் பட்டாசும் செய்யும் பட்டறைகளில் பன்னிரண்டு பிராயம் நிரம்பாதவரை அமர்த்தலாகாதென்று 1938-ஆம் வருஷத்துச் சட்டமே விதித்திருந்தது. ஆனால், கூலியாள் வைக்காமல் தன் குடும்பத்தாரைக் கொண்டே ஒருவன் தொழில் நடத்தினால் இவ்விதி அவனைத் தொடாது என்று அதே சட்டம் ஒரு விலக்கையும் சேர்த்துக்கொண்டது. அபாயகரமான தொழிலில் பதினான்கு வயதுக்குட்பட்டோரை ஈடுபடுத்தலாகாதென்று அரசியல் சாசனத்தின் 24-ஆவது பிரிவு பிரகடனம் செய்த பின்னரும், 1986-இல் குழந்தைத் தொழிலுக்கெனப் புதிய சட்டம் வந்த பின்னரும், குடும்பத்துக்கான அந்த விலக்கு அழியாமல் தங்கிற்று. ஆபீஸ் வாசலில் இன்ஸ்பெக்டர் நின்றால், குச்சியும் அட்டையும் பசையும் வீட்டுத் திண்ணைக்குப் போய்விடும். திண்ணையில் அமர்ந்தவளுக்கு முதலாளி பெற்ற தாய்தான். இதைக் கபடமென்று மட்டும் சொல்லிவிடுவது நியாயமாகாது. அந்தத் தாய்க்குக் கிடைத்த கூலியில் ஒருத்தியின் கைகள் மட்டும் உழைத்தால் அடுப்பு எரியாது.

1976-இல் மாநில அரசு அமைத்த ஹர்பன்ஸ் சிங் குழு இவ்வட்டாரத்துக் குழந்தைத் தொழிலை ஆராய்ந்தது. 1983-இல் அதைப் பற்றி ஆய்வாளர் ஸ்மிது கோத்தாரியின் கட்டுரை வெளிவந்து நாடெங்கும் பேச்சாயிற்று. இக்குழந்தைகளுக்காக வழக்கறிஞர் எம்.சி. மேத்தா உச்ச நீதிமன்றத்தை நாடினார். 1985-ஆம் ஆண்டு முடிவில் 221 பதிவுபெற்ற தீப்பெட்டி ஆலைகளில் 27,338 தொழிலாளர் வேலை செய்ததாகவும் அவர்களில் 2,941 பேர் குழந்தைகள் என்றும் அவ்வழக்கில் கணக்குக் காட்டப்பட்டது. பதிவுபெற்ற ஆலைகளின் கணக்கு இது. திண்ணைகளுக்கு ஏது பதிவேடு? 1991 ஜூலையில் மீனம்பட்டிப் பட்டாசு ஆலை வெடித்து, மாண்டவர்களில் குழந்தைகளும் இருந்த பிறகு, நீதிமன்றம் தானாகவே இவ்விஷயத்தைக் கையிலெடுத்தது.

உலகத்தின் கண்ணும் அக்காலத்தில்தான் இங்கே திரும்பிற்று. 1989-இல் ஐக்கிய நாடுகள் சபை நிறைவேற்றிய குழந்தை உரிமை உடன்படிக்கையில் இந்தியா 1992-இல் சேர்ந்தது. சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனத்தின் குழந்தைத் தொழில் ஒழிப்புத் திட்டமும் அவ்வாண்டிலேயே இந்தியாவில் கால்கொண்டது. குழந்தைகள் நெய்த மிர்சாப்பூர்க் கம்பளத்தை வாங்க மறுத்து நெருக்குவதற்கு அயல்நாட்டில் வாடிக்கைக்காரர் உண்டு. சிவகாசித் தீக்குச்சியோ பெரும்பாலும் நம் வீட்டு அடுப்பங்கரையிலேயே கிழிபடுவது. ஆகவே இங்கே வெளியுலகத்தின் கை சந்தையின் வழியாக வரவில்லை, பள்ளிக்கூடத்தின் வழியாக வந்தது: 1988-இல் தொடங்கிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் சிறப்புப் பள்ளிகளும், பின்னர் இந்தியாவும் அமெரிக்காவும் கூட்டாகச் செலவிட்டு நடத்திய இண்டஸ் திட்டமும், வேலையிலிருந்து மீண்ட பிள்ளைகளுக்கு எழுத்தும் சோறும் உதவித்தொகையும் கொடுத்து வழக்கமான வகுப்புகளில் சேர்க்க முனைந்தன. என் அபிப்பிராயத்தில், தீர்ப்புகளைவிட அதிகம் சாதித்தவை இப்பள்ளிகளே.

தீர்ப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1996 டிசம்பர் 10-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், சட்டத்தை மீறிக் குழந்தையை வேலைக்கு வைத்த முதலாளி குழந்தை ஒன்றுக்கு 20,000 ரூபாய் நல நிதியில் கட்டவேண்டும் என்றும், அரசு, குழந்தைக்குப் பதிலாகக் குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு வேலை தேடித்தர வேண்டும், இயலாவிடில் தன் பங்காக 5,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்றும் ஆணையிட்டது. பிள்ளையின் கூலி நின்றால் வீடு எதைத் தின்னும் என்ற கேள்விக்கு விடை தேடிய ஆணை இது, அதனாலேயே போற்றத்தக்கது. ஆயினும் அபராதம் கட்டுவதற்கு முதலாளி ஒருவன் வேண்டுமே! அட்டையைக் கொடுத்துப் பெட்டியை வாங்கிப்போகிற ஏஜெண்டு தான் யாரையும் வேலைக்கு வைக்கவில்லை என்பான். தாய் தன் மகள் ஒத்தாசை செய்கிறாள் என்பாள். குடும்பமே ஆனாலும் அபாயகரமான தொழிலில் குழந்தையின் கை படலாகாதென்று சட்டம் திருந்தியது 2016-இல், அந்த விலக்கை முதலில் எழுதி எழுபத்தெட்டு ஆண்டுகள் கழித்து.