ஏட்டினின்று இயற்கைக்கு: பீனிக்கீஸ் தீவும் உயிரியல் ஆசிரியர் பயிற்சியும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐக்கிய அமெரிக்காவின் பாடசாலைகள் பலவற்றிலும் கல்லூரிகள் பலவற்றிலும் இயற்கை வரலாறு மனனஞ் செய்யும் பாடமாகவே விளங்கிற்று. ஆசிரியர் நூலை விளக்குவார். மாணவர் அதனை ஒப்புவிப்பர். உயிரினங்கள் வகுப்பறையினுள் பெயர்களாக மட்டுமே நுழைந்தன. கற்பிப்போரே உயிரினங்களை நேரிற் கண்டு ஆராய்ந்திராத நிலையில், கற்போர் வேறெவ்வாறு பயிலக்கூடும்? இவ்வினாவுக்கு விடை காண மேற்கொள்ளப்பட்ட தொடக்க முயற்சிகளுள் 1873 ஆம் ஆண்டின் பீனிக்கீஸ் கோடைப் பாடசாலை தலையாயது எனலாம்.

அதனைத் தோற்றுவித்தவர் லூயி அகாசி. 1807 இல் சுவிற்சர்லாந்திற் பிறந்த இவர், 1847 இல் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். மீன் ஒன்றை மாணவன்முன் வைத்து, நூலின் துணையின்றி நாட்கணக்காக அதனையே உற்றுநோக்கச் செய்வது இவர்தம் முறை. இம்முறையை ஆசிரியர்களிடையே பரப்ப இவர் விழைந்தபோது, நியூயோர்க் புகையிலை வணிகரான ஜோன் அண்டர்சன், மாசச்சூசெற்ஸ் கரையை அண்டிய பீனிக்கீஸ் தீவையும் 50,000 டொலரையும் நன்கொடையாக வழங்கினார். 1873 யூலை 8 ஆம் நாள் பாடசாலை தொடங்கிற்று. ஏறத்தாழ ஐம்பதின்மர் பயின்றனர். அவர்களுட் பெரும்பாலோர் பாடசாலை, கல்லூரி ஆசிரியர். பெண்களும் சேர்க்கப்பட்டமை அக்காலத்தில் பெரிதும் குறிப்பிடத்தக்கது. தீவிலிருந்த கொட்டில் ஒன்றே விரிவுரை மண்டபமாயிற்று. கடலடியினின்று உயிர்களை வாரியெடுத்தும், கரையில் திரட்டியும், அறுத்து நோக்கியும், வரைந்தும் ஆசிரியர்கள் மீண்டும் மாணவராயினர்.

நிறுவனம் என்ற வகையில் இம்முயற்சி நிலைக்கவில்லை. அகாசி அவ்வாண்டு டிசெம்பர் 14 ஆம் நாள் காலமானார். மகன் அலெக்சாந்தர் 1874 ஆம் ஆண்டுக் கோடையில் அதனைத் தொடர்ந்து நடத்தினார். அதன்பின் பாடசாலை மூடப்பட்டது. ஆயின் அங்குப் பயின்றோர் அம்முறையைத் தத்தம் நிறுவனங்களுக்கு எடுத்துச் சென்றனர். வில்லியம் கீத் புரூக்ஸ் 1878 இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் சார்பில் செசப்பீக் விலங்கியல் ஆய்வுகூடத்தைத் தொடங்கினார். மவுண்ட் ஹோலியோக் பெண்கள் கல்லூரியில் ஆசிரியையாயிருந்த கோர்னீலியா கிளாப் 1874 இல் பீனிக்கீஸ் சென்றார். மீண்டபின் தம் மாணவியரை நூலினின்று உயிரினங்களை நோக்கித் திருப்பினார். 1888 இல் வூட்ஸ் ஹோலில் கடல்சார் உயிரியல் ஆய்வுகூடம் உதயமானபோது அதன் முதல் இயக்குநரானவர் பீனிக்கீஸிற் பயின்ற சார்ள்ஸ் ஒட்டிஸ் விற்மன். கற்பித்தலும் ஆராய்ச்சியும் ஒன்றையொன்று தழுவி நிற்றல் வேண்டும் என்பது அவர் கொள்கை. முதலாண்டிலேயே அங்குச் சென்று ஆராய்ந்தோருள் கிளாப்பும் ஒருவர்.

இவ்வரலாற்றில் ஆழ்ந்து சிந்திக்கற்பாலதொரு முரண்பாடு உண்டு. சார்ள்ஸ் டார்வினின் பரிணாமக் கொள்கையை அகாசி இறுதிவரை ஏற்கவில்லை. உயிரினங்கள் மாற்றமின்றித் தனித்தனியே படைக்கப்பட்டன என்பதே அவர் நம்பிக்கை. மனித இனங்கள் வெவ்வேறு தோற்றமுடையன என வாதிட்டு இனவேற்றுமைக் கருத்துக்கும் அவர் துணைநின்றார். உற்றுநோக்கக் கற்பித்தவரே, தாம் முற்கொண்ட முடிபினைக் கண்கூடான சான்றுகளால் மாற்றிக்கொள்ளாது விட்டார். பீனிக்கீஸ் மாணவரோ அவர் கொள்கையிற் கட்டுண்டிலர். புரூக்ஸ், விற்மன், பின்னர் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தின் முதல் தலைவரான டேவிட் ஸ்ரார் ஜோர்டன் ஆகியோர் பரிணாமக் கொள்கையைத் தழுவினர். ஆசானின் முறையைக் கொண்டே ஆசானின் முடிபினை அவர்கள் கடந்தனர். எனினும் ஜோர்டன் பிற்காலத்தில் மனித இன மேம்பாடு என்னும் பெயரால் எழுந்த தீங்கான இயக்கத்திற்கு ஆதரவளித்தமையை நோக்குமிடத்து, கண்ணாற் காண்பது மட்டும் தப்பெண்ணங்களை அகற்றிவிடாது என்பதும் புலனாகின்றது.

ஆகவே, கள ஆய்வு வழியாக ஆசிரியரைப் பயிற்றுவது வெறும் உத்திமாற்றம் அன்று. நூலையே சான்றாக்கி நிற்கும் ஆசிரியரின் கூற்றை மாணவன் மறுக்க இயலாது. உயிரினத்தை அவன் கையிற் கொடுக்கும் ஆசிரியரோ, தம் கூற்றினைச் சோதிக்கும் உரிமையையும் அவனுக்கு அளித்துவிடுகின்றார். அவ்வுரிமையை அளிக்கத் துணிவோரை உருவாக்கியமையே, இரு கோடைகளில் முடிவுற்ற பீனிக்கீஸ் பாடசாலையின் நிலைத்த பயன் எனக் கொள்ளலாம்.