வீட்டு டயாலிசிஸ்: மறந்த படிகளை மீட்டுத் தரும் கைப்பேசிப் பயிற்சி

சிறுநீரகம் செயலிழந்தோர் வாரத்தில் இரண்டு, மூன்று முறை மருத்துவமனைக்கு அலையாமல் வீட்டிலேயே மேற்கொள்ளக்கூடிய சிகிச்சை பெரிட்டோனியல் டயாலிசிஸ். வயிற்றில் பொருத்தப்பட்ட மென்குழாய் வழியாக, பெரியவர்களுக்குப் பொதுவாக 2 லிட்டர் திரவம் உட்செலுத்தப்படுகிறது. கழிவுகளை ஈர்த்துக்கொண்ட அத்திரவம் சில மணி நேரத்துக்குப் பின் வடிக்கப்பட்டு, புதிய திரவம் நிரப்பப்படுகிறது. 2016-இல் தொடங்கப்பட்ட பிரதமரின் தேசிய டயாலிசிஸ் திட்டத்தின்கீழ், இம்முறைக்கான வழிகாட்டு நெறிமுறைகளை மத்திய அரசு 2019-இல் வெளியிட்டது.

இயந்திரமின்றிக் கையால் செய்வோர் நாளொன்றுக்கு 4 முறை பை மாற்றினால், ஆண்டுக்கு 1,460 முறை ஆகிறது. ஒவ்வொரு முறையும் மின்விசிறியை நிறுத்தி, சன்னலை மூடி, முகக்கவசம் அணிந்து, கைகளைச் சோப்பிட்டுக் கழுவி உலர்த்திய பிறகே குழாயை இணைக்க வேண்டும். தொடக்கத்தில் அச்சத்தோடு கடைப்பிடித்த இப்படிகள், சில மாதங்களில் ஒவ்வொன்றாக நழுவுகின்றன. கோடையில் மின்விசிறி ஓடிக்கொண்டே இருக்கும். கைகழுவும் நேரம் குறையும். தொற்று வராதவரை தவறு தெரிவதில்லை என்பதே இதிலுள்ள ஆபத்து.

தொற்று வந்தால் வயிற்று வலியுடன், வடியும் திரவமும் கலங்கலாகிறது. மீண்டும் மீண்டும் தாக்கினால் வயிற்று உட்சவ்வு பழுதடைந்து, நோயாளி வீட்டுச் சிகிச்சையையே கைவிட நேரிடும், உயிரிழப்பும் உண்டு. ஆகவே, தொற்றுக்குப் பின்பும், மருத்துவமனையில் தங்கித் திரும்பிய பின்பும், பார்வையோ கைத்திறனோ குன்றும்போதும் மறுபயிற்சி அவசியம் என நிபுணர்கள் வலியுறுத்துகின்றனர்.

தொலைதூர ஊரிலிருந்து பயிற்சி மையத்துக்கு வருவது பலருக்கு எளிதன்று. இக்குறையை ஈடுசெய்ய முயல்வதே கைப்பேசி வழி உருவகப் பயிற்சி. பை மாற்றும் படிகளைத் திரையில் வரிசைப்படுத்தும்படி நோயாளியிடம் கேட்கப்படுகிறது. இடையே சிக்கல்களும் முன்வைக்கப்படுகின்றன. வயிற்றுக் குழாயின் திறந்த முனை படுக்கையில் பட்டுவிட்டால் என்ன செய்வது? துடைத்துவிட்டு இணைப்பது தவறு. குழாயின் அடைப்பானை மூடி, பை மாற்றுவதை நிறுத்தி, உடனே சிகிச்சை மையத்தை அழைப்பதே சரி. நிஜத்தில் உயிருக்கு ஆபத்தாகும் தவறுகள் திரையில் பாடமாக மட்டுமே முடிகின்றன.

எனினும், இணைப்பைத் திருகும் விரலின் நடுக்கத்தைத் திரை அறியாது. போலிக் குழாய் தைத்த துணி மேலங்கியை அணிந்து நோயாளி செய்து காட்ட, செவிலியர் காணொலி அழைப்பில் கவனிப்பது இக்குறையை ஓரளவு தீர்க்கும். பல வீடுகளில் பை மாற்றுபவர் மனைவியோ மகளோதான். அங்கே பயிற்சி அவருக்கே உரியது.

கலங்கிய திரவம் வடிந்த பையை எறியாமல், பரிசோதனைக்காக மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். மறுபயிற்சியில் தவறாமல் நினைவூட்டப்பட வேண்டிய செய்தி இது.