‘ஸ்கீமா’ சேர்த்தால் கூகுள் தேடலில் முன்னுக்கு வரலாமா?

பலகாரக் கடை, கேட்டரிங், மணமேடை அலங்காரம், டியூஷன் என எந்தத் தொழிலானாலும் வாடிக்கையாளர்கள் பலர் இன்று முதலில் கூகுளில்தான் தேடுகிறார்கள். சொந்த அகப்பக்கம் வைத்திருக்கும் சிறு வணிகர்களிடம், ஸ்கீமா சேர்த்தால் முதல் பக்கத்தில் வரலாம் என்று கூறிக் கட்டணம் கேட்பவர்களும் உண்டு. பணம் கட்டும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை இதோ.

ஸ்கீமா என்பது என்ன?

ஒரு பக்கத்தில் ‘12.90’ என்று இருந்தால் அது முறுக்கின் விலை என்று நமக்குப் புரியும். தேடுபொறிக்கு அது வெறும் எண்ணாகவும் இருக்கலாம். இது விலை, இது ரிங்கிட், இது கடை முகவரி, இது திறக்கும் நேரம் என அடையாளம் காட்ட, அகப்பக்கத்தின் நிரலில் எழுதப்படும் குறிப்புகளே கட்டமைப்புத் தரவு. பக்கத்தைப் படிப்பவர் கண்ணுக்கு அவை தெரியா. இதற்கான பொதுச் சொற்தொகுப்பான ஸ்கீமா.ஆர்க்கை 2011 ஜூன் மாதம் கூகுள், பிங், யாகூ ஆகியவை இணைந்து தொடங்கின.

தரவரிசை உயருமா?

நேரடியாக உயராது. கட்டமைப்புத் தரவு இருப்பதற்காகவே ஒரு பக்கத்தைப் பொதுவாக மேலே ஏற்றுவதில்லை என்பது கூகுளின் நிலைப்பாடு. விதிகளை மீறினால் விதிக்கப்படும் தண்டனையும் இதையே காட்டுகிறது. அந்தப் பக்கம் சிறப்புத் தோற்றத்துக்கான தகுதியை இழக்கும். ஆனால் சாதாரணத் தேடலில் அதன் தரவரிசை அதனால் மாறாது.

அப்படியானால் என்ன பயன்?

பயன், முடிவுகள் தோன்றும் விதத்தில்தான். பொருளின் விலை, கையிருப்பு, நட்சத்திர மதிப்பீடு, சமையல் குறிப்பின் படம் போன்றவை தேடல் முடிவிலேயே தெரியக்கூடும். அதைப் பார்த்துக் கூடுதலானோர் உள்ளே வரலாம். இருப்பினும், சரியாக எழுதினாலும் அந்தத் தோற்றம் கிடைக்கும் என்று கூகுள் உறுதி தருவதில்லை.

விதிகளும் மாறுகின்றன. ஒரு கடை தன்னைப் பற்றிய மதிப்பீட்டைத் தன் பக்கத்திலேயே போட்டு நட்சத்திரம் பெறும் வழி 2019 செப்டம்பரில் அடைக்கப்பட்டது. கேள்வி-பதில் தோற்றம் 2023 ஆகஸ்டில் பெயர்பெற்ற அரசாங்க, சுகாதாரத் தளங்களுக்கு மட்டும் என்று சுருக்கப்பட்டது. இவற்றுக்காக இன்றும் கட்டணம் கேட்டால், அது வீண் செலவு.

செலவின்றிச் செய்யக்கூடியவை

வட்டாரத் தேடலில் பொருத்தம், தூரம், பிரபலம் ஆகிய மூன்றையும் முக்கியமாகக் கொண்டே கூகுள் கடைகளை வரிசைப்படுத்துகிறது. பணம் கட்டி அந்த வரிசையில் முன்னேற முடியாது.

• கூகுள் பிசினஸ் புரொஃபைலில் இலவசமாகப் பதிந்து, முகவரி, தொலைபேசி எண், பண்டிகைக் கால நேரம் ஆகியவற்றைச் சரியாக வைத்திருங்கள்.

• வாடிக்கையாளர்களின் கருத்துகளுக்குப் பதில் எழுதுங்கள். போலிக் கருத்துகள் வேண்டாம்.

• வேர்ட்பிரஸ் அகப்பக்கம் என்றால், இலவச பிளகின்களே அடிப்படை ஸ்கீமாவை எழுதிவிடும். கூகுளின் ‘ரிச் ரிசல்ட்ஸ் டெஸ்ட்’ கருவியில் அதைச் சரிபார்க்கலாம்.

• பக்கத்தில் இல்லாத விலையையோ தகவலையோ ஸ்கீமாவில் எழுதாதீர்கள்.

முதலிடத்தை எவராலும் உத்தரவாதம் செய்ய முடியாது என்று கூகுளே எச்சரிக்கிறது. எனவே, ஸ்கீமா சேவை வாங்குவோர், எந்தச் சிறப்புத் தோற்றத்துக்காக அது சேர்க்கப்படுகிறது, அந்தத் தோற்றத்தை கூகுள் இன்னும் காட்டுகிறதா என்று முதலில் கேட்பது நல்லது. தெளிவான பதில் வராவிட்டால், பணத்தைக் கையிலேயே வைத்திருக்கலாம்.